ஆறுதலுக்கு ஒரு வெள்ளோட்டம்

“வலிக்கும்.”

அலகு குத்த உட்காருகிறவனிடம் அய்யாசாமி சொல்வது அந்த ஒரு சொல்தான். ரொம்ப நெளிகிறவனாக இருந்தால் மட்டும், “அசையாதே, அசைஞ்சா ரெண்டு ஓட்டை” என்று சேர்த்துக்கொள்வார். ரங்கூன் பசுந்தாங் ஓடைக்கரை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிற அத்தனை பேர் கன்னத்திலும் முப்பத்துநாலு வருஷமாக வேல் ஏற்றுகிறவர் அவர். வயது எழுபத்தொன்று. கண் இன்னும் கண்ணாடி கேட்கவில்லை. கை, சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்கும்.

ஆறுதல் சொல்கிறவனை அவர் நம்பமாட்டார். ‘பயப்படாதே’ என்று ஒருத்தன் சொன்னால் பயப்பட அங்கே ஏதோ இருக்கிறது. ‘ஒண்ணுமில்லை’ என்று டாக்டர் சொன்னால் துணிமணியைப் பையில் எடுத்துவைக்க வேண்டியதுதான். ‘நான் இருக்கேன்’ என்றவன் எவனும் தேவைப்பட்ட அன்றைக்கு இருந்ததில்லை. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. பள்ளிக்கூடம் அவருக்கு மூன்றாம் வகுப்போடு சரி. பட்டறையில் படகுக்குத் தார் பூசிக்கொண்டே நாலு பேரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

வினை ஆ லுங் ரூபத்தில் வந்தது.

ஆ லுங், சீனர்கள் பேட்டையான லத்தாவில் வாத்து வறுத்துக் கண்ணாடிப் பெட்டியில் தொங்கவிட்டு விற்கிறவன். ஆள் நல்ல பருமன். எட்டு வருஷமாகப் பிள்ளை இல்லாமல் இருந்து, யாரோ சொல்லி நம் முருகனிடம் நேர்ந்துகொண்டான். பெண் பிறந்தது. ரங்கூனில் சீனர்கள் நம் சாமிக்கு நேர்ந்துகொள்வது அதிசயமில்லை. பலன் எங்கே கிடைக்கிறதோ அங்கே கும்பிடுவார்கள், அதில் அவர்கள் கெட்டி. போன வருஷம் வாத்துக்கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, மூன்று வாரம் விரதமிருந்து, மஞ்சள் வேட்டியோடு வந்து பலகையில் உட்கார்ந்தான்.

அய்யாசாமி வேலை எடுத்தார். வெந்நீரில் போட்டார். துடைத்தார். விபூதியைக் கன்னத்தில் தேய்த்தார். பர்மிய மொழியில், “வலிக்கும்” என்றார்.

அவ்வளவுதான். ஆ லுங் எழுந்தான். பம்பைக்காரரைத் தள்ளிக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பில் இரண்டு வேறு வேறு செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் நின்ற பஸ்ஸில் ஏறி லத்தாவில் போய் இறங்கினான். முகமெல்லாம் விபூதி, வேட்டி காற்றில். எவனோ கடன்காரப் பயல் அதைப் படம்பிடித்து, ‘முருகன் துரத்துகிறார்’ என்று எழுதி பேஸ்புக்கில் போட்டுவிட்டான். மாண்டலேயிலிருந்துகூடப் போன் போட்டுச் சிரித்தார்கள்.

இந்த வருஷம் உத்திரத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கோயில் செயலாளர் சந்திரமோகன் அய்யாசாமியைக் கூப்பிட்டுவிட்டார்.

“அண்ணே, ஆ லுங் மறுபடியும் வர்றான். நேர்த்தி பாக்கி நிக்குதுன்னு அவன் பொண்டாட்டி தூங்க விடலையாம். லத்தாவிலேயிருந்து இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து வர்றாங்க.”

“வரட்டும். குத்தறேன்.”

“குத்தறது இருக்கட்டும். அதுக்கு முன்னாடி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. அவங்க பாஷையிலேயே சொல்லுங்க. மனசு அடங்கும்.”

“நான் குத்த வந்தேனா, தாலாட்ட வந்தேனா?”

“மறுபடி ஒருத்தன் பஸ் ஏறினான்னா கோயில் மானம் போயிடும் அண்ணே. கமிட்டியிலே பேசியாச்சு. அன்னிக்கு ஒருத்தன் எழுந்து ஓடினாலும் வேல் பெட்டியை ரமேஷ்குமார் கையிலே கொடுத்துடறதுன்னு.”

ரமேஷ்குமார் க்ளினிக்கில் ஊசி போடுகிறவன். முப்பது வயது, சிரித்த முகம். ஊசி போடும்போது ‘எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்’ என்று சொல்கிற ஜாதி. அய்யாசாமிக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எந்த ஊர் எறும்புடா அது?

ஆனால் பெட்டி போகும் என்றதும் தலையாட்டிவிட்டார். வருஷத்தில் முந்நூற்று அறுபத்துநாலு நாள் அவர் வீட்டில், ‘மாமா, கீழே போய் ஒரு கட்டு கீரை வாங்கிட்டு வாங்க’ என்று மருமகள் அம்சவேணி ஐந்து மாடி இறக்கி ஏற்றுகிற கிழவர். அந்த ஒரு நாள் மட்டும் கடைக்காரனும் காண்ட்ராக்டரும் அவர் முன்னால் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அந்த நாளையும் எறும்புக்காரன் கொண்டுபோனால் அப்புறம் கீரை மட்டும்தான்.

மறுநாள் காலை லத்தாவுக்குப் போனார்.

டோ சியூலான் அங்கே ஊதுவத்தியும் சூடமும் சாம்பிராணியும் விற்கிறவள். அறுபது வயதிருக்கும். கோயிலுக்குச் சூடம் வாங்கப் போய்ப் போய், இருபது வருஷமாக இரண்டு பேருக்கும் சண்டை. அவர் அவள் தராசை நம்பமாட்டார். அவள் அவர் தருகிற நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்கமாட்டாள். இப்படிப்பட்டவளிடம்தான் பாடம் கேட்கப் போக வேண்டியிருந்தது. பேச்சு எப்போதும் போல பர்மிய மொழியில்.

“பயந்தவனுக்குத் தைரியம் சொல்ல உங்க ஆளுங்க என்ன சொல்வாங்க?”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “யார் பயந்தது? நீங்களா, அகோ?” அகோ என்றால் பர்மியப் பேச்சில் அண்ணன்.

“நான் ஏன் பயப்படறேன்? தொழிலுக்கு வேணும்.”

விஷயத்தைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “எங்க ஆளுங்களுக்குள்ளேயே வீட்டுக்கு ஒரு சீனம் இருக்கு. எல்லாருக்கும் புரியற சீனத்துலே அஞ்சு சொல்லித் தர்றேன், பிடிச்சுக்குங்க. மெய் ஷி. ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்.”

“மெய் ஷி.”

“பூ பா. பயம் வேணாம்.”

“பூ பா.”

“மான் மான் லாய். அவசரமில்லே, மெதுவாவே ஆகட்டும். அப்புறம் பியே தான் சின். கவலைப்படாதேன்னு சொல்றது. சொல்லுக்குச் சொல் பார்த்தா, மனசைச் சுமக்காதேன்னு. கடைசியிலே ஃபாங் சின். மனசைக் கீழே இறக்கி வை.”

அய்யாசாமி யோசித்தார். “சுமக்காதே, இறக்கி வை. இது கப்பல் கூலிக்காரன் பேச்சால்ல இருக்கு? எங்கப்பன் துறைமுகத்துலே நாள் பூரா இதைத்தான் கத்துவான்.”

“எங்கப்பனும் அதே துறைமுகம்தான்” என்றாள் சியூலான். “ஃபாங் சின். ம், சொல்லுங்க.”

ஐந்தையும் பத்துத் தடவை சொல்லி, ஒரு கட்டு ஊதுவத்தியும் வாங்கிக்கொண்டு (சும்மா பாடம் சொல்ல அவள் என்ன அன்னசத்திரமா?) வெளியே வந்தார். நாலு கடை தாண்டியதும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இவள் இருபது வருஷமாக எடையில் கை வைக்கிறவள். வார்த்தையில் வைக்கமாட்டாளா? ‘மெய் ஷி’ என்றால் ‘உன் மூக்கு பன்றி மூக்கு’ என்றிருந்தால்? ஆ லுங்கிடம் போய் அதைச் சொன்னால் பஸ் போதாது, விமானம் பிடித்துப் போவான்.

வேறொரு சீனனிடம் அர்த்தம் கேட்கலாம். ஆனால் அவனும் அதே தெரு. சொல்லிவைத்துக்கொண்டு ஏமாற்றுவார்கள்.

மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். பயந்த சீனன் ஒருத்தன் வேண்டும். தெருவில் பார்த்தால் பயந்த சீனன் எவனும் இல்லை. எல்லோரும் நிம்மதியாக வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். சரி, இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதானே?

கமலா ஆரஞ்சு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் போனார். அவள் தலைக்கு மேலே அந்தக் காலத்துக் கட்டடத்தின் பால்கனி, பாதி காரை பெயர்ந்து, ஆலஞ்செடி முளைத்துத் தொங்கியது.

“ஐயையோ! பால்கனி விழுது!” என்று கத்தினார்.

கிழவி பழக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரோட்டுக்குப் பாய்ந்தாள். ஒரு சைக்கிள் ரிக்‌ஷா அவளுக்காக ஒடித்து நின்றது. அய்யாசாமி அவள் அருகே போய், மரியாதையாக, “மெய் ஷி” என்றார்.

கிழவி மேலே பார்த்தாள். பால்கனி அப்படியே இருந்தது. மூச்சு விட்டாள். நெஞ்சிலிருந்து கை இறங்கியது. ஆக, வேலை செய்கிறது! அய்யாசாமி மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டார். பின்னாலேயே ஒரு ஆரஞ்சு பறந்து வந்து முதுகில் விழுந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்து, ஆவி பறக்கப் பன் விற்கிற கடை. நாலைந்து பேர் நின்று தின்றுகொண்டிருந்தார்கள். “எலி! பாத்திரத்துக்குள்ளே எலி போச்சு!” என்றார். ஒரு பெண் வாயிலிருந்ததை அப்படியே கையில் துப்பினாள். கடைக்காரன் மூடியைத் திறந்து தேடினான். எலி இல்லை. “ஃபாங் சின்” என்றார் அய்யாசாமி. பெண் திரும்பவும் பன்னை வாயில் போட்டுக்கொண்டாள். இதுவும் பலிக்கிறது! கடைக்காரன் மட்டும் இடுக்கியோடு வந்ததால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

முடிவெட்டும் கடையில், சவரக்கத்தி கழுத்தில் இருக்கும்போது, “பார்த்து, பார்த்து, காது!” என்று ஒரு போடு போட்டுவிட்டு, “மான் மான் லாய்” என்றார். நாற்காலியில் இருந்தவர் துள்ளியதில் சோப்பு நுரை கண்ணாடி வரைக்கும் போயிற்று. ‘பூ பா’வுக்கு ஒரு தையற்காரர் அகப்பட்டார். ‘பியே தான் சின்’னுக்கு, சும்மா நின்ற ஒரு கிழவரின் காதில் “இன்னிக்கு உங்களை யாரோ சர்க்கார் ஆபீசிலேயிருந்து தேடினாங்களே” என்றதே போதுமானதாக இருந்தது. இந்த ஊரில் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வாரம் இப்படியே போய் வந்தார். ஒரே மருந்தை நாலு பேரிடம் பார்த்தால்தானே நிச்சயம்? ஐந்தும் சுத்தமான சரக்கு என்று தெரிந்தது. சியூலான் வார்த்தையில் கை வைக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

உத்திரத்தன்று காலை ஏழு மணிக்கே கோயில் வாசல் கொள்ளவில்லை. பம்பையும் உறுமியும் காதைப் பிளந்தன. பலகையில் முதல் ஆளாக ஆ லுங், அவன் பின்னால் லத்தாவின் இரண்டு பேர், அதற்குப் பின்னால் நம் ஆட்கள். சந்திரமோகன் தூணோரம் நின்றார். அவர் பக்கத்தில் ரமேஷ்குமார், கழுவிய கையைக் காற்றில் உலர்த்திக்கொண்டு, சிரித்த முகமாக. எட்டிப் பார்க்கிற கூட்டத்தில் டோ சியூலானும் இருந்தாள்.

ஆ லுங் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் இழுத்துக் கட்டிய பறைத்தோல் மாதிரி இருந்தது. அந்தக் கன்னத்தில் வேல் ஏறாது, ஏற்றினால் கிழியும். தாடை தளர வேண்டும்.

அய்யாசாமி குனிந்தார். ‘வலிக்கும்’ என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார். ஜென்மத்தில் முதல் தடவையாக முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, தேன் ஒழுகச் சொன்னார்:

“மெய் ஷி.”

ஆ லுங் வெளிறிப்போனான். சடாரென்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மேலே பார்த்தான். “என்ன விழுது? ஊலே, என்ன விழப்போகுது?” ஊலே என்றால் பர்மியப் பேச்சில் மாமா.

“ஒண்ணும் விழலே. ஃபாங் சின்.”

“எலியா!” ஆ லுங் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டான். பின்னால் இருந்த இரண்டு பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

“எலி இல்லேடா! பியே தான்…”

“ஆபீசிலேயிருந்து வந்திருக்காங்களா?” என்று மூன்றாவது ஆள் எழுந்தே விட்டார். அவர் கண் வாசலுக்குப் போயிற்று. வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தம்.

அப்போதுதான் அய்யாசாமிக்குப் புத்தியில் உறைத்தது. ஒரு வாரமாக ஆ லுங்கின் கடைத்தெருவில் நின்றல்லவா வெள்ளோட்டம் விட்டோம்! லத்தாவில் இன்றைக்கு எந்தச் சீனனின் காதிலும் அந்த ஐந்து வார்த்தையும் இவர் வாயிலிருந்து வந்தால் ஒரே அர்த்தம்தான்: ஓடு. நல்ல சரக்கைத் தானே சோதித்துச் சோதித்துக் கெடுத்தாயிற்று.

“அண்ணே,” என்று சந்திரமோகன் குரல் கொடுத்தார். ரமேஷ்குமாரின் தோளில் கை வைத்தார். ரமேஷ்குமார் ஒரு அடி முன்னால் வந்தான்.

அய்யாசாமி வேலைப் பார்த்தார். வேல் நுனி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்றா என்று பார்த்தார். காற்றில்லை. கைதான். முப்பத்துநாலு வருஷத்தில் ஆடாத கை.

ஆ லுங்கும் அதைப் பார்த்துவிட்டான்.

“ஊலே, உங்க கை நடுங்குது.”

“நடுங்கலே.”

“நடுங்குதே!”

“வாயை மூடு. ச்சே, வாயைத் திற.”

ஆ லுங் எழுந்திருப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. எதிரே நிற்கிற கிழவனின் முகத்தைப் பார்த்தான். வியர்த்து, உதடு காய்ந்து, பேந்தப் பேந்த விழிக்கிற முகம். கடையில் மூன்று பையன்களை வைத்து வேலை வாங்குகிறவன் அவன். கத்தியைப் பார்த்து நடுங்குகிற புதுப் பையனை எத்தனை தடவை தட்டிக்கொடுத்திருப்பான்? கை தானாக நீண்டு அய்யாசாமியின் மணிக்கட்டைப் பிடித்தது.

“ஃபாங் சின், ஊலே” என்றான். அவன் வாயில் அந்த வார்த்தை வேறு மாதிரி இருந்தது. “மெய் ஷி, மெய் ஷி. பூ பா. நான் இருக்கேன்ல? அவசரமே இல்லே. மான் மான் லா…”

‘லா’வுக்கு வாய் அகலத் திறந்தது. தாடை தளர்ந்தது. கன்னம் வெண்ணெய் மாதிரி இறங்கியது.

வேல் ஏறிவிட்டது.

ஆ லுங் ‘ய்’யைச் சொல்லி முடிக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணைக் கீழே இறக்கி, தன் கன்னத்தில் பளபளக்கிற வெள்ளியைப் பார்த்தான். தொட்டுப் பார்த்தான். அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “அரோகரா!” என்று கூட்டம் எழுப்பிய சத்தத்தில் பம்பை கேட்கவில்லை. அய்யாசாமி நிதானமாக வேல் நுனியில் எலுமிச்சம்பழத்தைக் குத்தினார். கை இப்போது ஆணி மாதிரி நின்றது.

அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தான். பல்லைக் கடித்துக்கொண்டான். கன்னம் பறைத்தோல்.

அய்யாசாமி அவனைப் பார்த்தார். தூணோரம் நிற்கிற ரமேஷ்குமாரைப் பார்த்தார். அவன் இன்னும் பின்வாங்கவில்லை. கிழவர் வேலை எடுத்தார். எடுத்த கையை, வேண்டுமென்றே, நன்றாகத் தெரியும்படி ஒரு ஆட்டு ஆட்டினார்.

“பூ பா, ஊலே, பூ பா” என்று ஆரம்பித்தான் அவன், பெரிய மனுஷன் தோரணையில். ‘பா’வுக்கும் வாய் நன்றாகத்தான் திறக்கிறது.

மூன்றாவது ஆள் ஒரு டியூஷன் வாத்தியார். தைரியம் என்றால் என்ன என்று அய்யாசாமிக்கு விளக்கத் தொடங்கி, அவருடைய தகப்பனார் சீனத்து யூனானிலிருந்து மலை கடந்து நடந்தே வந்த கதை வரைக்கும் போனார். வேல் ஏறி ஒரு நிமிஷம் கழித்துத்தான் பேச்சு ஏன் குழறுகிறது என்று அவருக்கே தெரிந்தது. அதற்குப் பின்னால் வந்த நம் பிள்ளைகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. ஒருத்தன், “பயப்படாதீங்க தாத்தா” என்றான். ஒருத்தன், “முருகன் இருக்கான் தாத்தா” என்றான். அய்யாசாமிக்கு ரத்தம் கொதித்தது. கையை ஆட்டிக்கொண்டே குத்தினார். இருபத்துமூன்று பேர். ஒருத்தனும் பஸ் ஏறவில்லை.

கடைசிக் காவடி வாசலைத் தாண்டியதும் சியூலான் பக்கத்தில் வந்தாள்.

“கடங்கார மனுஷா, என் தெருவிலே எலி விட்டது நீங்கதானா?”

“சரக்கைப் பார்த்து வாங்கறதுதானே என் வழக்கம்.”

“இருபது வருஷத்துலே ஒரு நாள் என்னை நம்பியிருந்தா இந்தக் கூத்தே இல்லே.”

“நம்பியிருந்தா அவன் ஓடியிருப்பான்” என்றார் அய்யாசாமி. “நான் சொல்லிக் கேட்டு எவனுக்கு இன்னிக்குத் தைரியம் வந்தது? அவனவன் சொல்லித்தான் அவனவனுக்கு வந்தது.”

“அப்போ என் பாடம் வீணா?”

“உன் ஊதுவத்தி நல்லா எரிஞ்சுது” என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது என்று அவளுக்குத் தெரியும்.

ரமேஷ்குமார் போகும்போது, “பெரியப்பா, கை நடுக்கத்துக்கு க்ளினிக்குக்கு வாங்க, ஒரு ஊசி போட்டா சரியாயிடும்” என்றான்.

“எறும்பு கடிச்ச மாதிரி இருக்குமா?”

“ஆமா பெரியப்பா.”

“போடா.”

நாலாம் நாள் கமிட்டி கூடியது. சந்திரமோகன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். “அண்ணே, கமிட்டியிலே ரெண்டு பேர் உங்க கை நடுங்குது, ஆபத்துன்றாங்க.”

அய்யாசாமி மேஜைமேல் இருந்த தேநீர்க் கோப்பையை, விளிம்பு வரைக்கும் ததும்பி நின்றதை, விரல் நுனியில் எடுத்தார். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருத்தர் மூக்குக்கு நேராகவும் கொண்டுபோய்க் காட்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் திரும்ப வைத்தார்.

“அப்போ அன்னிக்கு?”

“முதல் ஆளுக்கு நிஜம். மத்தது தொழில்.”

சந்திரமோகன் அலமாரியைத் திறந்து வேல் பெட்டியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். “அடுத்த வருஷத்துக்கு இப்பவே லத்தாவிலேயிருந்து ஒன்பது பேர் பேர் கொடுத்துட்டாங்க. பக்கத்துப் பேட்டை லான்மடாவிலேயிருந்து நாலு. எல்லாரும் ஒரே ஆளைத்தான் கேக்கறாங்க. ஆனா…” என்று இழுத்தார். “பேரு ஒண்ணு வெச்சிருக்காங்க. நான் எழுதலே, ஆ லுங்தான் இந்த நோட்டிலே அவன் கையாலே பர்மியத்துலே எழுதிட்டுப் போனான்.”

“என்னன்னு?”

“‘நடுங்கும் ஐயாவிடம் மட்டும்’னு.”

அய்யாசாமி எழுந்து நின்றுவிட்டார். “நடுங்கும் ஐயாவா? எவனைப் பார்த்து? முப்பத்துநாலு வருஷம், ஒரு கன்னம் கிழிஞ்சதுண்டா? பயந்து பஸ் ஏறின பய எழுதறான், என்னைப் பார்த்து!”

“கோவிச்சுக்காதீங்க அண்ணே. அடிச்சுடறேன்.” சந்திரமோகன் பேனாவைத் திறந்தார். “அடிச்சுட்டு, பொதுவா எழுதிடறேன். யார்கிட்டே வேணாலும் குத்திக்கலாம்னு.”

பேனா முனை நோட்டைத் தொட்டது. அய்யாசாமி உட்கார்ந்தார். பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“இருக்கட்டும்” என்றார். “எழுதினதை ஏன் அடிக்கிறே.”